நெற்றியில் ஊதா மை

எனக்கு அக்கி எழுதத் தெரியும். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமைக்கும் குறைச்சல் இல்லை. மகதலேனா ஆற்றின் இந்தக் கரையில், மகாங்கே துறைக்கு எதிரே இருக்கிற எங்கள் ஊரில், யார் உடம்பிலாவது நெருப்பாய்க் கொப்புளம் வரிசை கட்டினால், அவர்கள் முதலில் வந்து நிற்பது என் வீட்டு வாசலில்தான். எங்கள் ஆட்கள் அதைச் சின்னப் பாம்பு என்பார்கள். பாம்பின் தலையும் வாலும் தொட்டுக்கொண்டால் ஆள் காலி என்று ஊர் நம்புகிறது. அதனால் நான் ஊதா மருந்து மையைத் தொட்டுப் பாம்பைச் சுற்றி வேலி போடுவேன். மூன்று நாள், மூன்று தடவை, மூன்று ஜெபம். பெரும்பாலும் ஆறிவிடும். "அது தானாகவே ஆறும்" என்பார்கள் டாக்டர்கள். ஆறட்டுமே! தானாக ஆறுகிறதை ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றினால் இவர்களுக்கு எங்கே எரிகிறது?

இந்தக் கதையில் என்னைத் திட்ட வேண்டிய இடம் ஒன்று வரும். அதை நானே காட்டுகிறேன். அதற்குள் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

துலியோ மெரீனோ என் வீட்டுக்கு வந்தது கந்தலேரியா மாதா திருவிழாவன்று காலை, ஊரே மெழுகுவர்த்தி ஏந்துகிற நாள். துறையில் வேட்டுச் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. துலியோ எங்கள் ஊருக்கும் மகாங்கேக்கும் நடுவே மோட்டார் படகு ஓட்டுகிறவன். நாற்பத்தாறு வயது, காளை மாதிரி உடம்பு, வாயோ அதற்கு மேல். என்னை ஒரு நாளும் இதாலிதெஸ் என்று கூப்பிட்டதில்லை.

"ஏ சூனியக்காரி, கதவத் தொற! மண்டைக்குள்ள எவனோ மோட்டாரப் போட்டு விட்டுட்டான்."

தொப்பியைக் கழற்றினான். இடது புருவத்தில் தொடங்கி, நெற்றியில் ஏறி, முடிக்குள் போய் மறைந்தது கொப்புள வரிசை. இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது.

"பார்க்கவே நல்லா இருக்கு. இப்பவாச்சும் உன் மூஞ்சிக்கு ஒரு களை வந்திருக்கு" என்றேன்.

"பேசு, பேசு. நான் செத்தா என் படகை உன் தலையிலதான் கட்டுவாங்க."

உட்கார வைத்து எழுதினேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, ஆனால் படம் வரைவேன். என்னிடம் வருகிற ஒவ்வொருவரின் பாம்பையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் வரைந்து வைப்பேன்: எந்தப் பக்கம், எங்கே தலை, எங்கே வால், என்ன நாள். நாளுக்கு எண் போட மாட்டேன், அந்த நாளின் அடையாளத்தைப் போடுவேன். அன்றைக்கு ஒரு மெழுகுவர்த்தியும், துலியோவின் முகமும், இடது புருவத்திலிருந்து மேலே ஏறும் பாம்பும் வரைந்தேன். "என் மூக்கு இவ்ளோ பெருசா?" என்று அதற்கும் ஒரு சண்டை போட்டான்.

போகும்போது, கூட வந்திருந்த அவன் மனைவி யோலீமாவிடம், எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். யோலீமா என்னைவிடப் பத்து வயது இளையவள், அவள் மகனுக்கு நான்தான் ஞானஸ்நானத் தாய். நான் சொன்னால் அவளுக்கு அது வேதவாக்கு.

"நல்லாக் கேட்டுக்கோ. நாப்பது நாளைக்கு இதோட பேரு டாக்டர் காதுல விழக்கூடாது. நாப்பது நாளைக்கு ஊசி உடம்புல படக்கூடாது. பட்டுச்சு, பாம்பு உள்ள ஓடிரும்."

"சரிக்கா" என்றாள், சிலுவை போட்டுக்கொண்டாள்.

பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. கண் திறந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த ஊதாக் கறையைப் பார்த்துப் பயணிகள் சிரிக்கிறார்கள் என்று முன்முடியை இறக்கி விட்டுக்கொண்டான். நன்றிக் கடனாக ஒரு கொத்துப் போகாசிகோ மீன் கொண்டு வந்து என் கதவில் மாட்டிவிட்டுப் போனான். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முப்பத்துநாலாம் நாள், நட்டாற்றில், பதினோரு பேரை வைத்துப் படகு ஓட்டிக்கொண்டிருந்தபோது அவனுடைய வலது கை துடுப்பு மாதிரி தொங்கிவிட்டது. படகு வட்டமடித்தது. பயணிகள் கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: "மோட்டார்." மறுபடி மறுபடி அதே வார்த்தை. மகாங்கேயில் முடியாது என்று மூட்டை கட்டி, சின்செலேஹோவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குச் சேதி வந்தது. தலையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். பாவம், இவ்வளவு சின்ன வயசில் என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதற்கும் என் மைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன், யோலீமா போன் போட்டாள். குரல் கிசுகிசுத்தது.

"அக்கா, நேத்து ராத்திரி அவருக்கு இன்னொரு தடவ வந்துருச்சு. இப்ப வலது காலும் வரல. டாக்டரு தலைக்குள்ள போற ரத்தக்குழாய் எல்லாத்தையும் படம் எடுக்கணுங்கறான். அதுக்கு ஊசியில சாயம் ஏத்துவாங்களாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன்."

"ஏன்டீ?"

"என்னக்கா ஏன்னு கேக்கற? இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கே! மொத நாளு எனக்குத் தெரியாம கையில ஊசியச் சொருகிட்டானுங்க. நான்தான் பிடுங்கிப் போட்டேன். ரத்தம் எடுக்க வந்தவளையும் தொரத்திட்டேன். ரெண்டே ரெண்டு நாளு. அப்புறம் எல்லாத்தையும் சொல்லிடறேன், எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடறேன். நீ சொன்ன மாதிரியே நடந்துக்கறேன்க்கா. ஒன்ன மட்டும் பொறுக்க முடியல. அந்த மலைநாட்டு டாக்டரு, 'உன் புருஷன் போதைப் பொடி இழுப்பானா, படகுல பொடி கடத்துறானா'ன்னு அஞ்சு வாட்டி கேட்டுட்டான். ரத்தம் குடுக்க மாட்டேன்னா, அப்ப ரத்தத்துல ஏதோ இருக்குன்னு அர்த்தமாம்."

அடுப்பை அணைத்தேன். கிழங்கு பாதி வேக்காட்டில் கிடந்தது.  

"நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். நோட்டையும், ஒரு துணியில் சுற்றிய மை பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். பாட்டிலை ஏன் எடுத்தேன் என்று இன்று வரை தெரியவில்லை.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் என் அப்பாவோடுதான் சண்டை போட்டுக்கொண்டு போனேன். அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது. அதற்காக விட்டுவிட முடியுமா?

இதோ, என்னைத் திட்ட வேண்டிய இடம். என் அப்பாவும் அக்கி எழுதினவர். அவர் எழுதிய ஒரு ஆளுக்கு எவனோ ஊசி போட்டு, ஆள் செத்துப்போக, செத்தவனின் அண்ணன் தம்பிகள் வெட்டுக்கத்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா மூன்று நாள் சதுப்பு நிலத்தில் கழுத்தளவு தண்ணீரில் ஒளிந்து கிடந்தார். அதற்குப் பிறகுதான் இந்த நாற்பது நாள் பிறந்தது. ஒருநாள் போதையில் அவரே சொன்னார்: "அது பாம்புக்கு இல்லடி, நமக்கு. நாப்பது நாளைக்குள்ள ஊசி போட்டுச் செத்தா, பழி ஊசி போட்டவன் மேல. நாப்பது நாள் தாண்டிச் செத்தா, அது வேற வியாதி. ரெண்டுலயும் நாம தப்பிச்சோம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் இடத்தில் உட்கார்ந்து, அதே நாற்பது நாளை, கண்ணை மூடிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது பொய் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது.

இப்போது திட்டிக்கொள்ளுங்கள். நான் தாங்குவேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான். கட்டையான ஆள், பெயர்ப் பட்டையில் கான்டீயோ என்று இருந்தது.

"பார்வை நேரம் ரெண்டு மணிக்கும்மா."

"அதுவரைக்கும் அவன் உயிரோட இருப்பான்னு நீ எழுதிக் குடுப்பியா?"

"ரூல்ஸும்மா."

"ரூல்ஸுனால ஒருத்தன் செத்துக்கிட்டு இருக்கான்டா உள்ள! அது என் ரூல்ஸு. உன் ரூல்ஸையும் அது மேல ஏத்தாத."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "சீக்கிரம் வந்துருங்க" என்று முணுமுணுத்துக் கையை இறக்கினான்.

துலியோ கிடந்த வார்டுக்குள் போனேன். அந்தக் காளை உடம்பு கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முன்முடி நெற்றியை மூடியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டான். கண் விரிந்தது, வாய் கோணியது. "மோட்டார்" என்றான். என்னைத் திட்டத்தான் அப்படிச் சொன்னான், எனக்குத் தெரியாதா?

கட்டில் பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார். ஹொல்கீன் என்று பெயர். மலைமேல் இருக்கிற தலைநகர் பொகோத்தாவிலிருந்து வந்தவர், உயரம், வெளுப்பு. இந்த வெயிலிலும் கழுத்து வரைக்கும் பட்டன். கையில் ஒரு படிவம்.

"அம்மா, கடைசியாக் கேக்கறேன்" என்று யோலீமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "குழாய்ப் படம் எடுக்காம நான் குருடன் மாதிரி வைத்தியம் பார்க்க முடியாது. மறைக்க ஏதோ இருக்கறதாலதான் நீங்க ஊசி வேண்டாங்கறீங்க. மூணாவது தடவ வந்தா இவர் பிழைக்க மாட்டார். சம்மதம் இல்லைன்னா ஆஸ்பிரினோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நாளன்னிக்குப் போடறேன்யா" என்றாள் யோலீமா. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"நாளன்னிக்கு என்ன விசேஷம்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"கையெழுத்துப் போடு."

"இன்னும் ரெண்டு நாள்..."

"நாப்பது நாளும் கெடையாது, நாலு நாளும் கெடையாது. அது பொய்."

"என்ன சொல்ற?"

"எங்கப்பன் கட்டிவிட்ட பொய். ஊசி பட்டா ஒண்ணும் ஆகாது. பழி நம்ம மேல வரக்கூடாதுன்னு சொன்னது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்கிட்டச் சொன்னேன்."

அவள் கையிலிருந்த பையால் என் முகத்தில் அடித்தாள். உள்ளே காப்பி பிளாஸ்க் இருந்தது. என் உதடு கிழிந்தது. மறுபடி அடித்தாள். தடுக்கவில்லை. எனக்கு அது வேண்டும்.

"நாலு நாளாடி! நாலு நாளா அவரு கெஞ்சறாரு, மோட்டாரு மோட்டாருங்கறாரு, நான் பல்லக் கடிச்சிக்கிட்டு ஊசிக்காரிய எல்லாம் தொரத்தறேன், ஊரெல்லாம் என்னப் பொடிக்காரன் பொண்டாட்டிங்குது, அத்தனையும் உன் பேச்ச நம்பி!"

"அடிக்கறத அப்புறம் அடி. மொதல்ல கையெழுத்து."

உள்ளே ஓடிப்போய்ப் படிவத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் என் உதட்டு ரத்தத்தைப் பார்த்தார், கட்டிலைத் தள்ளச் சொன்னார்.

படமெடுக்கிற அறையில் துலியோ அடங்கவில்லை. பெரிய வளையத்துக்குள் அவனைப் படுக்க வைத்ததும் இடது கையால் எல்லாவற்றையும் தட்டிவிட்டு எழப் பார்த்தான். யோலீமாவால் நிற்கவே முடியவில்லை. மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண், ஒசீரிஸ் என்று பெயர், எங்கள் தாழ்நாட்டுப் பக்கத்துக்காரி, என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்து மைக்கைக் கையில் கொடுத்தாள்.

"தெரிஞ்ச குரல் கேட்டா அடங்குவாரு. பேசுங்கம்மா. உடம்பெல்லாம் சூடா ஓடும்னு சொல்லுங்க. பயப்பட வேணாம்."

"ஏ துலியோ" என்றேன். "நான்தான், உன் சூனியக்காரி. இப்ப ஒரு சாயம் ஏத்துவாங்க. அடியில சூடாகும், மூத்திரம் போயிட்ட மாதிரி இருக்கும். போயிருக்காது. போனாலும் பரவால்ல, படகுல நீ போகாததா?"

கண்ணாடிக்கு அப்பால் அவன் வயிறு குலுங்கியது. சிரித்தான். பிறகு அசையாமல் கிடந்தான்.

படம் திரையில் வந்தது. தலையின் ரத்தக்குழாய்கள் மட்டும், எலும்பு இல்லாமல், தோல் இல்லாமல். நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஆறும் அதன் கிளைகளும் மாதிரியே இருந்தது. டாக்டர் பேனாவால் காட்டினார்.

"பாரு ஒசீரிஸ். சுருங்கியிருக்கு, விரிஞ்சிருக்கு, மறுபடி சுருங்கியிருக்கு. ஜெபமாலை மாதிரி. நான் சொன்னேனே, பொடி இழுக்கறவங்களுக்குக் குழாய் இப்படித்தான் ஆகும். கேஸ் முடிஞ்சது."

ஒசீரிஸ் தயங்கினாள். "டாக்டர், ஒரு பக்கம்தான் இப்படி இருக்கு. அந்தப் பக்கம் சுத்தமா இருக்கே."

"சில சமயம் அப்படியும் இருக்கும்."

எனக்கு அந்தப் படத்தில் எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஆனால் ஒரு பக்கம் என்றதும் என் கை நோட்டைத் தேடியது.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

டாக்டர் திரும்பினார். "நீங்க வெளிய இருங்கம்மா."

"எந்தப் பக்கம்னு கேட்டேன்!"

"இடது" என்றாள் ஒசீரிஸ்.

நோட்டைப் பிரித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டேன். மெழுகுவர்த்தி வரைந்த பக்கத்தைக் கண்டுபிடித்து, திரைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பிடித்தேன். பெரிய மூக்கு. இடது புருவம். நெற்றியில் ஏறும் பாம்பு.

"இது அவன் மூஞ்சி. கந்தலேரியா மாதா திருவிழா அன்னிக்கு நான் வரைஞ்சது. அவனுக்கு அக்கி வந்துச்சு. இதே பக்கம். கண்ணு மூடிப்போச்சு."

 டாக்டர் நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். அந்த வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. உள்ளே ஓடினார். துலியோவின் முன்முடியைத் தூக்கினார். அங்கே முடிக்குள் போகிற தழும்பு வரிசை, அதன் ஓரத்தில் ஐந்து வாரம் ஆகியும் போகாத என் ஊதா மையின் மிச்சம்.

திரும்பி வந்தவர் குரல் மாறியிருந்தது. "இது சின்னம்மைக் கிருமி. சின்ன வயசுல வந்த அம்மை உள்ளேயே ஒளிஞ்சிருந்து அக்கியா வெளிய வரும். முகத்துல வந்தா, அந்த நரம்பு வழியாவே தலைக்குள்ள போய் ரத்தக்குழாய்ச் சுவரைப் புண்ணாக்கிடும். வாரக் கணக்கு ஆகும். அப்புறம் குழாய் இப்படிச் சுருங்கும். மூளையில இடது பக்கம் அடைச்சா வலது கைகாலும் பேச்சும் போகும். இதுக்கு மருந்து இருக்கு. நாலு நாள் முன்னாடியே போட்டிருக்கணும்." சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது. "நான் கேட்டேன்! காய்ச்சல், தொற்று ஏதாவது வந்துச்சான்னு முதல் நாளே கேட்டேன். அந்தம்மா இல்லைன்னாங்க. சொல்லக்கூடாதுன்னு எந்த முட்டாள் அவங்களுக்குச் சொன்னது?"

"நான்தான்."

"நீங்களா?"

"இதாலிதெஸ் பெர்துஸ். எழுதிக்கோங்க. நாப்பது நாள் வாயத் தொறக்காதன்னு சொன்னது நான். ஊசி வேணாம்னு சொன்னதும் நான்."

"உங்க மேல புகார் குடுப்பேன். தெரியுமா?"

"குடுங்க. ரெண்டு பிரதி குடுங்க. மொதல்ல அவனுக்கு மருந்தக் குடுங்க." எனக்கும் உதடு எரிந்தது, வாயும் நிற்கவில்லை. "அதோட இன்னொண்ணும் எழுதிக்கோங்க. அவன் பொடி இழுப்பானான்னு அஞ்சு வாட்டி கேட்டீங்க. படகுக்காரன்னா பொடிதான்னு முடிவு கட்டிட்டீங்க. நாலு நாள்ல ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, அவன் முடியத் தூக்கி நெத்தியப் பாத்தீங்களா? என் மை அங்கதான் இருந்துச்சு. மலையிலேர்ந்து பாத்தா தெரியலையோ?"

ஒசீரிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, பயந்தாளா, தெரியாது. டாக்டர் போனை எடுத்து மருந்துக்குச் சொன்னார். அந்த மனுஷனுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: அதற்கப்புறம் ஒரு நிமிஷம்கூட அவர் வீணாக்கவில்லை.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதே நேரத்தில் கையில் சொட்டு மருந்து ஏறத் தொடங்கியது. நீரில் அந்தக் கிருமியின் அடையாளம் இருப்பதாக இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. அது நாற்பதாம் நாள். பாம்பு உள்ளே ஓடிரும் என்று நான் பயமுறுத்தச் சொன்ன பொய்தான், கடைசியில் நிஜமாகிக் கிடந்தது. ஆனால் ஊசி பட்டதால் அது உள்ளே போகவில்லை. உள்ளே போனதைக் கொல்ல வேண்டிய ஊசியைத்தான் நான் நாலு நாள் தடுத்து வைத்திருந்தேன்.

பதினாலு நாள் சொட்டு மருந்து ஏறியது. மூன்றாவது தடவை வரவில்லை. நான் ஊருக்குத் திரும்பவில்லை. நடைபாதை பெஞ்சில் படுத்துக்கொண்டேன். யோலீமா என்னோடு பேசவில்லை, ஆனால் சாப்பாட்டுப் பொட்டலம் இரண்டாகத்தான் வாங்கி வந்தாள். ஒன்றை என் பக்கம் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மருந்து தொடங்கிய ஒன்பதாம் நாள் மத்தியானம் நான் துலியோவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சி ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் என்னையே முறைத்தான். உதடு குவிந்தது. முகமெல்லாம் வேர்த்தது. "மோ" என்றான். தலையை ஆட்டினான், அது இல்லையாம். மறுபடி முயற்சி செய்தான்.

"சூ... சூனிய... க்காரி."

யோலீமா ஓவென்று அழுதுகொண்டே என் மேல் விழுந்தாள். அடிக்க வருகிறாளோ என்று முகத்தை மறைத்துக்கொண்டேன். கட்டிப்பிடித்தாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புகார் கொடுத்தாரா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இனிமே அக்கி எழுதறத விட்டுருவீங்கன்னு நம்பறேன்."

"விட மாட்டேன்."

"இவ்ளோ நடந்தும்?"

"நான் விட்டா ஜனங்க உங்ககிட்ட வருவாங்கன்னு நெனைக்கறீங்களா? அடுத்த ஊர்ல ஒருத்தன் இருக்கான், தவளையத் தேய்ப்பான். அவன்கிட்டப் போவாங்க. எங்கிட்ட வரட்டும். நான் எழுதுவேன். எழுதி, கையப் பிடிச்சு இங்க இழுத்துட்டு வருவேன். அன்னிக்கே. அப்ப உங்க காவலாளி ரெண்டு மணிங்கக்கூடாது. நீங்க மூஞ்சியப் பாக்கணும்."

அவர் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். "மையைக் கொப்புளத்து மேல தடவாதீங்க. எனக்குத் தோல் தெரியணும்."

"நான் என்னிக்கு மேல தடவினேன்? சுத்தித்தான் போடுவேன்."

"தேதியும் போட முடியுமா?"

"படம் போடுவேன். புரிஞ்சுக்கோங்க."

முதல் தடவையாகச் சிரித்தார். மலைநாட்டுக்காரர் சிரித்தால் அவ்வளவு மோசமாக இல்லை.

ஊரில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் இப்போதும் காறித் துப்புகிறார்கள். நாற்பது நாள் பொய்யை நான் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவரைக் கேட்காமலேயே சொன்னேன் என்று என் அப்பாவின் கல்லறையில் எவனாவது போய் வத்தி வைத்தால் வைக்கட்டும். மீதிப் பாதி வருகிறார்கள்.

போன வாரம் மீன் சந்தைக்காரி நூரிஸ் வந்தாள். மூக்கு நுனியிலிருந்து வலது கண் வரைக்கும் கொப்புளம். சுற்றி மை போட்டேன், அன்றைய அடையாளத்தை அவள் கன்னத்திலேயே சின்னதாக வரைந்தேன், நோட்டிலும் வரைந்தேன். பிறகு கையைப் பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். படகில் துலியோ இருந்தான். வலது கை இன்னும் சரியாக வரவில்லை. இடது கையால்தான் சுக்கான் பிடிக்கிறான், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு மீன் பிடித்துவிடலாம். ஊதா நெற்றிக்காரர்களிடம் அவன் கட்டணம் வாங்குவதில்லை.

படகு கிளம்பியதும் நூரிஸ் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். 

"ஏன்க்கா, பெரியவங்க எல்லாம் சொல்வாங்களே... டாக்டர்கிட்ட இதோட பேரச் சொல்லலாமா? ஏதாச்சும் ஆயிருமா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். துலியோ மோட்டாரை நிறுத்தினான். படகு நட்டாற்றில், அன்று வட்டமடித்த அதே இடத்தில், சும்மா மிதந்தது. அவன் திரும்பி, வராத வலது கையை இடது கையால் தூக்கித் தன் நெற்றித் தழும்பின் மேல் வைத்துக் காட்டினான். வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் காத்திருந்தோம்.

"சொல்லு" என்றான். "இன்னிக்கே... சொல்லு."